நான்கு நட்சத்திரக் கட்டடத்தின் மூன்றாம் மாடி

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். ஒட்டடை ஏதாவது தொங்குகிறதோ என்று வீட்டுக்காரர்கள் பதறிப்போவார்கள். ஒட்டடையைப் பற்றி எனக்கென்ன? கான்கிரீட் எத்தனை அங்குலம், மேலே ஓடு பதித்திருக்கிறார்களா, மதிய வெயில் நேராக இறங்குமா என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். என் வேலை அப்படி. ஓசூரில், கட்டடங்களுக்கு மின்திறன் சான்றிதழ் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் நான் கள ஆய்வாளர். ஒரு கட்டடம் வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் தின்கிறது, அதன் பரப்பளவு என்ன, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று படிவத்தை நிரப்பிக் கணினியில் ஏற்றினால், அது ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும். நட்சத்திரம் கூடினால் கட்டடம் நல்லது என்று அர்த்தம். சான்றிதழின் அடியில் எங்கள் சார் கையெழுத்துப் போடுவார். அவர்தான் அலுவலகத்தை நடத்துபவர். அவருக்கு இடப்பக்கம், கள ஆய்வு செய்தவர் என்ற இடத்தில், நான் போடுவேன்.

படிவத்தில் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடாது. கூரையை உடைத்துப் பார்க்க யார் விடுவார்கள்? பதில் தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டால் கணினியே ஒரு பொது மதிப்பைப் போட்டுக்கொள்ளும். கூரைக்கு ஒரு பொது மதிப்பு, சுவருக்கு ஒன்று, ஆட்கள் இருக்கும் நேரத்துக்கு ஒன்று. ஊரின் தட்பவெப்பத்துக்கும் ஒன்று உண்டு. ஓசூருக்கு அது ‘மிதமானது’. நாலு வருடமாக நான் இந்தப் பொது மதிப்புகளை நம்பிப் பிழைத்தவள். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஓசூரில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஊர்க் குளிரைப் பற்றி ஒரு பெருமை உண்டு. தருமபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்தவரிடம் அரைமணி நேரம் பேசினால் அதில் ஒரு தடவையாவது, “எங்க ஊருக்கு எதுக்குங்க ஃபேனு?” என்று சொல்லாமல் விடமாட்டார்கள். ஏரிகள் போய், மரங்கள் போய், தகரக் கூரைகளும் கண்ணாடிச் சுவர்களும் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சித்திரை வெயிலில் நடுரோட்டில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதையே சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்கள் விடுதிக்கு நான் முதல் தடவை போனது மார்கழியில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளுமாகப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் கீழ் இரண்டு தளங்களில் இருந்தார்கள். எல்லாரும் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள். மேல் இரண்டு தளங்களில் பெயின்ட் வாசனை போகவில்லை, கட்டில்களுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வார்டன் அம்மா ஐம்பது வயசுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல சுறுசுறுப்பு. மீட்டர் பெட்டிக்கு அழைத்துப்போய், தளத்துக்கு ஒன்றாக இருந்த மெயின் சுவிட்சுகளைக் காட்டினார்.

“பொண்ணுங்க ஃபேன போட்டது போட்டபடி டூட்டிக்கு ஓடிடுதுங்க மேடம். ஒம்போது மணிக்கு நானே மெயின ஆப் பண்ணிடுவன். சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் போடறது.”

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. விளக்கை அணைக்கவே ஆளில்லாத கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். அறிக்கையில் பரிந்துரை என்ற பகுதியில், பகலில் தளவாரியாக மின்சாரத்தை நிறுத்தும் நடைமுறை பாராட்டத்தக்கது, மேல் தளங்களுக்கும் இதையே பின்பற்றலாம் என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருப்பதாகத் தோன்றியது. ஆட்கள் இருக்கும் நேரம் என்ற கட்டத்தில் மாலை ஐந்து முதல் காலை ஒன்பது வரை என்று போட்டேன். பரப்பளவுக்கு நான்கு தளங்களையும் போட்டேன், மின்சாரம் எரிந்ததோ இரண்டு தளங்களில்தான். இரண்டு தளங்களில் ஆகிற செலவை நாலுக்கும் பங்கிட்டால் எந்தக் கட்டடமும் சிக்கனமாகத்தான் தெரியும். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்கு நட்சத்திரம் வந்தது. விடுதிக்காரர் சான்றிதழைச் சட்டம் போட்டு, வாசலில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பரிந்துரையும் கீழே அச்சாகியிருந்தது, அதற்கும் கீழே எங்கள் கையெழுத்துகள்.

அதற்கடுத்த ஆவணியில் என் தங்கை ஓசூருக்கு வேலைக்கு வந்தாள். எங்கள் ஊர் கெலமங்கலத்தைத் தாண்டி, தேன்கனிக்கோட்டை போகிற வழியில் உள்ளே இருக்கிறது. கொஞ்சம் நிலம், தக்காளியும் ராகியும். காட்டுப் பக்கத்து வயல் என்பதால் யானைக்குப் போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. அவளுக்கும் எனக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அப்பா எந்நேரமும் வயலில் இருந்ததால் அவளுடைய ரேங்க் கார்டில் எல்லாம் நான்தான் கையெழுத்துப் போடுவேன். அப்பா கையெழுத்தைப் போலப் போடச் சொல்லி டீச்சருக்குப் பயந்துகொண்டு கெஞ்சுவாள். நான் என் கையெழுத்தைத்தான் போடுவேன், ஒரு வளைவும் இரண்டு கோடும். அவளுக்கு அது மனப்பாடம்.

மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் அவளை எடுத்தார்கள். ஆறு மாதம் பயிற்சி. அதை முடித்துவிட்டால் வேலை நிரந்தரம். அவளுக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. தளிப் பக்கம் பூ விவசாயம் செய்கிற குடும்பத்தில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பேசிவைத்திருந்தார்கள். அவள் அப்பாவிடம் பேரம் பேசினாள். வேலை நிரந்தரமானால் இரண்டு வருடம் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது, ஆகாவிட்டால் சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டுகிறேன் என்று. அப்பாவும் சரி என்றார். “ரெண்டு வருசம் எனக்குன்னு இருப்பன்க்கா” என்று என்னிடம் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியாது, ஆனால் தன்னுடையதாக இருக்கும் என்றாள்.

எங்கே தங்குவது என்று பேச்சு வந்தபோது, கொஞ்சமும் யோசிக்காமல் அந்த விடுதியைச் சொன்னேன். நான் குடியிருப்பது பாகலூர் ரோட்டுப் பக்கம் ஓர் ஒற்றை அறை. கம்பெனி பஸ் அங்கே வராது. அதோடு, அந்தக் கட்டடத்தை நானே சோதித்திருக்கிறேன், நாலு நட்சத்திரம் வாங்கியது, பயப்படாமல் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு நட்சத்திரம் என்றால் என்னவென்று தெரியாது. நான் சொன்னேன் என்பதால் தலையாட்டினார்.

அவளுக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஷிப்ட் போட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் அதைத்தான் தள்ளிவிடுவது. விடுதியில் இரவு ஷிப்ட் பெண்களை எல்லாம் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். அங்கே யாரும் நடமாட மாட்டார்கள், சத்தமில்லாமல் தூங்கலாம் என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன்.

முதல் மாதம் போனில் பேசும்போது தூக்கம் வரவில்லை என்றாள். புது இடம் அப்படித்தான் இருக்கும் என்றேன். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தால், மாலை கிளம்பும்வரை ஒரே தூக்கம். அவளுக்காகச் செய்த கோழிக்குழம்பு ஆறிப்போய் இருக்கும். எனக்குக் கோபமாக வரும். வாரத்துக்கு ஒரு நாள் வருகிறாள், அக்காவிடம் நாலு வார்த்தை பேசுவோம் என்று இல்லையே என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவள் எழுந்திருக்க மாட்டாள். ஒரு தடவை உலுக்கி எழுப்பி, “தூங்கறதுக்குத்தான் வர்றியா?” என்று கேட்டேன். “ஆமாங்க்கா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். திமிர் என்று நினைத்தேன்.

பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் வேலை, பெரிய லென்ஸுக்குக் கீழே பலகையை வைத்து, ஈயம் பற்றவைத்த சாலிடர் புள்ளிகள் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. லென்ஸில் முகத்தை வைத்தபடியே தூங்கியிருக்கிறாள். முதல் தடவை வாயால் எச்சரிக்கை, இரண்டாம் தடவை எழுத்தில், மூன்றாம் தடவை அனுப்பிவிட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் அவளை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். தேன்கனிக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் வைத்து, நாலு பேர் பார்க்க அவளைத் திட்டினேன்.

“ஆறு மாசம்டி. ஆறே மாசம். கண்ணத் தொறந்து வெச்சிருக்க முடியல உன்னால?”

அவள் என்னைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்வதற்குள், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருந்தாள். இது என்ன ஜென்மம் என்று எண்ணிக்கொண்டே நான் வேலைக்குத் திரும்பினேன். மத்தியானம் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தை அளக்க வேண்டியிருந்தது.

வெயில் காலம் தொடங்கியபோது எங்கள் அலுவலகத்தில் வேலைமுறை மாறியது. பொது மதிப்புகளை வைத்துக் கொடுக்கிற சான்றிதழ்களை இனி யாரும் நம்ப மாட்டார்கள், உண்மையான அளவுகள் வேண்டும் என்று சார் முடிவெடுத்தார். மணிக்கு மணி மின்சாரம் எப்படிப் போகிறது என்று மீட்டரில் எடுக்க வேண்டும். அறைக்குள் வெப்பமும் ஈரமும் எவ்வளவு என்று பதிந்துகொண்டே இருக்கும் கருவிகளை இரண்டு வாரம் வைக்க வேண்டும். எந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ண வேண்டும். கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை நிறம். முதலில் நாங்களே சான்றிதழ் கொடுத்த பழைய கட்டடங்களில் சோதித்துப் பார்ப்போம் என்றார். பட்டியலில் அந்த விடுதி மூன்றாவதாக இருந்தது.

பங்குனி கடைசி. பகல் ஒரு மணி இருக்கும். வார்டன் அம்மா அதே சுறுசுறுப்போடு வரவேற்றார். நான் சொன்னபடியே நான்கு தளங்களுக்கும் ஒன்பது மணிக்கு மெயினை நிறுத்துவதாகப் பெருமையாகச் சொன்னார். மேலே போகவேண்டும் என்றேன்.

“மேல யாருமில்லீங்க மேடம். பகல்ல ரிஜிஸ்டர்ல ஆளே கிடையாது. நைட் டூட்டிப் பொண்ணுங்கதான் படுத்துனு இருக்கும்.”

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றை ஒன்று வெட்டுகிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் இரண்டாம் மாடி ஏறுகிறவரை தோன்றவில்லை.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு பெண் படுத்திருந்தாள். அங்கே சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. அவளைத் தாண்டித்தான் மேலே ஏற முடிந்தது. நடைவழி முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. அந்த ஈரத் தரையில், சுவரோரமாக, வரிசையாகப் பெண்கள் படுத்திருந்தார்கள். நனைத்த துண்டை முகத்தில் போட்டிருந்தவர்கள் சிலர். அறைக்குள் கட்டில்கள் காலியாக இருந்தன. மெத்தை சுடுகிறது என்று கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார்கள். ஃபேன்கள் எல்லாம் நின்றிருந்தன. நான் வழக்கம்போல் கூரையைப் பார்த்தேன். வெறும் கான்கிரீட், மேலே ஓடு இல்லை. கையை உயர்த்தினால் சூடு தெரிந்தது.

முழுசாகத் தூங்கியவர் யாரும் இல்லை. காலடி கேட்டதும் ஒருத்தி துண்டை விலக்கிப் பார்த்தாள். கன்னடம் கலந்த தமிழ்.

“கரண்ட் போட வந்தீங்களாக்கா?”

“இல்ல. எப்ப வரும்?”

“அஞ்சு மணிக்கு. அதுக்குள்ள எழுந்து குளிக்க லைன்ல நிக்கணும். அப்பறம் துணி, சாப்பாடு, கம்பெனி பஸ்ஸுன்னு ஓடிடும்.” என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க லென்ஸ் செக்‌ஷன்ல இருந்த பொண்ணுக்கு அக்காதானே? மூஞ்சி அப்படியே இருக்குது. அதோ, ஜன்னலோரம் அவங்க கட்டிலு.”

அந்தக் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டை விசிறி கிடந்தது. தொழிற்சாலைப் பொருள் வருகிற அட்டைப்பெட்டியைக் கத்தரித்துச் செய்தது. கைப்பிடியில் செல்லோடேப் சுற்றியிருந்தது. நான் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்தேன்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அழுகை வரவில்லை, படபடப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கங்கள், பஸ் ஜன்னல், நான் திட்டியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. யாருக்கோ நடந்ததைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பையைத் திறந்து ஒரு கருவியை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, என் தங்கையின் கட்டில் கம்பியில் கட்டினேன். மற்ற அறைகளிலும் கட்டினேன். கீழே வந்து வார்டன் அம்மாவிடம், ஆட்கள் மேலே இருக்கிறார்கள், மெயினைப் போடுங்கள் என்றேன். முதலாளி எழுத்தில் கொடுத்திருக்கிறார், எழுத்தில் மாற்றித் தந்தால் உடனே போடுவதாகச் சொன்னார். வாசலில் சட்டத்துக்குள் இருந்த பரிந்துரையைக் கையால் காட்டினார். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுதிக்காரருக்குப் போன் செய்தேன். உங்கள் ஆபீஸ் சான்றிதழ்படிதான் நடக்கிறோம், ஆபீஸ் மூலமாகவே மாற்றி அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் கருவிகளைக் கழற்றிக்கொண்டு வந்து சாரிடம் காட்டினேன். வரைபடத்தில் ஒன்பது மணிக்கு மின்சாரக் கோடு படுத்துவிடுகிறது. அதே நேரத்திலிருந்து வெப்பக் கோடு ஏறத் தொடங்கி, மூன்று மணிக்கு, நான் இதுவரை எந்தக் குடியிருப்பிலும் பார்க்காத இடத்தில் போய் நிற்கிறது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

“ரூம் சூடா இருக்குன்னு தெரியுதும்மா. ஆனா ரூம்ல ஆள் இருந்தாங்கன்னு இதுல எங்க இருக்கு? ரிஜிஸ்டர்ல பகல்ல சைபர்னு போட்டிருக்காங்க. ஆளில்லாத ரூம் எவ்வளவு சூடானாலும் ரேட்டிங் குறையாது.”

“நான் கண்ணால பாத்தன் சார்.”

“நீங்க பார்த்தது ஒரு நாள். தங்கியிருக்கறவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். ஒருத்தர் குடுத்தாக்கூடப் போதும், சான்றிதழை நிறுத்திவெச்சிட்டு மாத்திடலாம். முன்னாடி தங்கினவங்களா இருந்தாலும் சரி.”

அதற்கென்று ஒரு கேள்வித்தாளை நானே தயாரித்தேன். எந்த ஷிப்ட், எந்தத் தளம், பகலில் எத்தனை மணி நேரம் அறையில் இருந்தீர்கள், ஃபேன் ஓடியதா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். கடைசியாக ஒரு கேள்வி சேர்த்தேன். புகார் செய்தீர்களா, இல்லையென்றால் ஏன்? இந்தக் கேள்வியைச் சார் பாராட்டினார். இனிமேல் எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கேட்கலாம் என்று கணினியிலும் ஏற்றச் சொன்னார்.

தாள்களை எடுத்துக்கொண்டு மறுபடி மூன்றாம் மாடிக்குப் போனேன். பெண்கள் வாங்கிப் படித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் கொடுத்தாள், அவள் அடுத்தவளிடம். கடைசியில் எல்லாத் தாள்களும் எழுதப்படாமலே என் கைக்கு வந்தன. “எங்களுக்கு ஆறு மாசம் முடியட்டும்க்கா” என்றாள் அந்தக் கன்னடக்காரப் பெண். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பஸ் இந்தப் பக்கம் போகாது என்று வழி சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அவளை வற்புறுத்த மனசு வரவில்லை. ஆறு மாதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆகவே எழுதிக் கொடுக்கக்கூடியவள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். வேலை போய்விட்டதால் இனி இழக்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

மறுநாளே ஊருக்குப் போனேன். கெலமங்கலத்தில் பஸ் மாறும்போது, என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அந்தக் கரண்டை நிறுத்தச் சொன்னது நான்தான். உன்னை அங்கே சேர்த்ததும் நான்தான். பஸ் ஸ்டாண்டில் அப்படித் திட்டியிருக்கக் கூடாது. மூன்று வாக்கியம். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

வயலில் தக்காளியைத் தரம் பிரித்துக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போயிருந்தது. வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்துவிட்டார்கள். தளிக்காரர்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போனதாக அம்மா போனில் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லைத் தங்கை காப்பாற்றினாள், அவ்வளவுதான். அப்பா அவளிடம் எதையும் திணிக்கவில்லை.

“இந்நேரத்துல எங்கக்கா வந்த? லீவா?”

நான் கேள்வித்தாளை நீட்டினேன். ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. விடுதியைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை நின்றபடியே படித்தாள்.

“அங்க இன்னும் கரண்ட் போடலயா?”

“போடல. யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தான் மாத்துவாங்க.”

“அந்தப் புள்ளைங்க குடுக்கலயா?”

“பயப்படறாங்க.”

“இருக்காதா பின்ன.” பேனாவுக்குக் கையை நீட்டினாள். “குடு.”

கவிழ்த்துவைத்த கிரேட்டின் மேல் தாளை வைத்து எழுதினாள். நான் பக்கத்தில் நின்று, அவள் விட்ட தக்காளிகளைப் பிரித்தேன். எழுதி முடித்ததும் நாலாக மடித்து என் கைப்பையில் அவளே வைத்தாள்.

“பஸ்ல போயி படி. இங்க வேணாம்” என்றாள். பிறகு, “சாப்ட்டுட்டுப் போலாம்ல?” என்று கேட்டாள். சாப்பிட்டோம். சாப்பிடும்போது புடவை எடுக்கக் கிருஷ்ணகிரிக்குப் போவதா ஓசூருக்கு வருவதா என்பதைப் பற்றிப் பேசினாள். நானும் பேசினேன்.

கெலமங்கலம் தாண்டியதும் தாளைப் பிரித்தேன். அவள் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே குண்டு குண்டாக இருந்தது. இரவு ஷிப்ட். மூன்றாம் மாடி. பகலில் அறையில் இருந்தது எட்டு மணி நேரம். ஃபேன் ஓடியது, இல்லை. தூங்கியது, வெயில் இல்லாத நாளில் மூன்று மணி நேரம், மற்ற நாளில் எண்ணவில்லை, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் நன்றாகத் தூங்கினேன். புகார் செய்தீர்களா, இல்லை. ஏன் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: கீழே மாட்டியிருந்த சான்றிதழில் எங்கள் அக்கா கையெழுத்து இருந்தது. சொன்னால் அக்கா வேலைக்குக் கெட்ட பேர் வரும்.

நான் அதை ஒரு தடவைதான் படித்தேன். மடித்து உள்ளே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசுமைக் குடில்கள் வந்தன, போயின. கண்டக்டர் சில்லறை கொடுக்க மறந்துவிட்டு, திரும்பி வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சார் அந்தத் தாளைப் படித்தார். அன்றைக்கே பழைய சான்றிதழை நிறுத்திவைத்து விடுதிக்காரருக்குக் கடிதம் போட்டார். மறுநாள் மூன்றாம் மாடிக்கு மின்சாரம் வந்தது. மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிப்பதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புதிய அளவுகளைப் போட்டுக் கணக்கிட்டால் நட்சத்திரம் இரண்டுதான் வரும்.

அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஷிப்ட், தளம், மணி நேரம் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தேன். கடைசிக் கேள்விக்கு எதையும் எழுத முடியாது, பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலும் நான் தயாரித்ததுதான். புகார் செய்யாததற்குக் காரணம்: யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை, பயம், தேவைப்படவில்லை, மற்றவை. மற்றவை என்பதை அழுத்தினேன்.